ஒரேயடியாக ஊர் திரும்புபவருக்கு வீட்டில் ஓர் இடம்

வளைகுடா நாடுகளில் நெடுங்காலம் உழைத்துவிட்டு வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்புவோரை எதிர்கொள்ளவிருக்கும் குடும்பத்தார்க்கும் நண்பர்களுக்கும்,

வெளிநாட்டு வேலை பற்றி அச்சில் வரும் அறிவுரைகளுள் பெரும்பாலானவை புறப்படுபவருக்கு உரியவை. கடவுச்சீட்டு, விசா, முகவர், ஒப்பந்தம் என்று அவை நீளும். திரும்பி வருபவருக்கென எழுதப்படுபவை குறைவு. அவரை ஏற்றுக்கொள்ள வேண்டிய வீட்டாருக்கென எழுதப்படுபவை அதனினும் அரிது. திரும்புதல் என்பது வருபவர் ஒருவரே செய்து முடிக்கும் செயல் என்றும், விமான நிலைய வாயிலில் அது நிறைவேறிவிடுகிறது என்றும், வீட்டார் செய்ய வேண்டியது நல்ல சோறாக்கிப் போடுவது மட்டுமே என்றும் நிலவும் எண்ணமே இக்குறைக்கு அடிப்படை. இம்மடலின் வாதம் அதற்கு மாறானது. ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை விடுப்பில் வந்துபோன காலத்தில் வீடும் அவரும் சேர்ந்து பழகிக்கொண்ட விருந்தோம்பல் முறையே, அவர் ஒரேயடியாக வந்தபின் அவரை வீட்டு மனிதராக ஆகவிடாமல் தடுக்கிறது. அம்முறையைக் கலைக்கும் பொறுப்பு வருபவரைவிட வீட்டாருக்கே கூடுதலாக உண்டு.

வளைகுடாப் பயணம் ஏனைய குடிபெயர்வுகளிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்ததைத் தொடர்ந்து சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன் ஆகிய நாடுகள் பெருமளவில் அயல்நாட்டுத் தொழிலாளரை அழைத்தபோது, அவர்களைக் குடிமக்களாக ஏற்கும் நோக்கம் அந்நாடுகளுக்கு இருக்கவில்லை. உள்நாட்டவர் ஒருவரோ ஒரு நிறுவனமோ பொறுப்பேற்றால்தான் அயலார் அங்கே தங்க முடியும் என்னும் கஃபாலா முறை, தொழிலாளியின் தங்கும் உரிமையை அவருடைய வேலையோடு கட்டிவைத்தது. பிற்காலச் சீர்திருத்தங்கள் அம்முறையைச் சில நாடுகளில் தளர்த்தியிருப்பினும், வேலை முடிந்தால் நாடு திரும்ப வேண்டும் என்னும் அடிப்படை மாறவில்லை. அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ சென்றவர் திரும்புவதும் திரும்பாதிருப்பதும் பெரும்பாலும் அவரவர் தேர்வு. துபாய்க்கும் ரியாத்துக்கும் சென்ற தொழிலாளி என்றேனும் ஒருநாள் திரும்பியே ஆக வேண்டும். 2015இல் நடத்தப்பட்ட தமிழ்நாடு குடிபெயர்வு ஆய்வு, தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடுகளில் வாழ்வோரின் எண்ணிக்கையை ஏறக்குறைய 22 லட்சம் என மதிப்பிட்டது. அவர்களுள் கணிசமான பங்கினர் வளைகுடாவில் இருந்தனர். அத்தனை வீடுகளுக்கும் உறுதியாக வரவிருக்கும் ஒரு நிகழ்வுக்கு எந்த வீடும் ஆயத்தம் செய்வதில்லை என்பது வியப்புக்குரியது.

இன்னொரு வேறுபாடு குடும்பத்தைப் பற்றியது. அமீரகத்தில் மனைவி மக்களை உடன் அழைத்துக்கொள்ள விரும்பும் ஒருவர் மாதம் 4,000 திர்ஹம் சம்பளமோ, உறைவிடத்துடன் 3,000 திர்ஹமோ பெற வேண்டும் என்பது விதி. கட்டட வேலை, துப்புரவு, கிடங்கு, ஓட்டுநர் வேலைகளில் இருப்போருள் பலர் அவ்வரம்பை எட்டுவதேயில்லை. ஆகவே வளைகுடாத் தொழிலாளியின் மணவாழ்வு, விடுப்பு மாதங்களின் கூட்டுத்தொகையாகவே அமைகிறது. இருபது ஆண்டுகள் அங்கே இருந்தவர், ஈராண்டுக்கு இரண்டு மாதம் என்று கணக்கிட்டால், மொத்தம் இருபது மாதமே தம் வீட்டில் வாழ்ந்திருக்கிறார். திருமணமாகி இருபது ஆண்டுகள் ஆன இணையர் என்று ஊரார் கருதுவோர், உடனுறைந்த காலத்தால் இரண்டாண்டுகூட நிரம்பாதவர்கள்.

அந்த இரண்டு மாத விடுப்புக்கு ஒரு வடிவம் உண்டு. அது ஊருக்கு ஊர் பெரிதும் மாறுவதில்லை. புறப்படுவதற்குப் பல வாரங்கள் முன்பே அட்டைப்பெட்டி கட்டத் தொடங்குவார்கள். அதில் பால்பொடி, பேரீச்சம்பழம், அத்தர், கோடாலித் தைலம், சோப்பு, குழந்தைகளுக்குப் பொம்மை, மைத்துனருக்குக் கைக்கடிகாரம் என்று அடுக்கி, கயிற்றால் வரிந்து, பெயரையும் ஊரையும் மையெழுத்தில் எழுதுவார்கள். வீடு வந்த அன்றிரவு உறவினர் கூடியிருக்கப் பெட்டி பிரிக்கப்படும். அடுத்த நாள்களில் விருந்து, மாமியார் வீடு, கோயில் அல்லது தர்கா, ஒரு திருமணம், ஒரு வீட்டுமனைப் பார்வை, கடன் கேட்டு வரும் சிலர், கடைசி வாரத்தில் ஊறுகாயும் கருவாடும் பொடியும் கட்டுதல் என்று காலம் கரையும். தெருவில் எதிர்ப்படும் எவரும் கேட்கும் கேள்விகள் இரண்டு: எப்போது வந்தீர்கள், எப்போது பயணம்? இரண்டாவது கேள்வியில் தீங்கான நோக்கம் எதுவுமில்லை. ஆனால் முதற்கேள்விக்கு அடுத்த மூச்சிலேயே அது கேட்கப்படுகிறது என்பது, அவர் எப்போதும் போகவிருப்பவராகவே ஊராரால் அறியப்பட்டிருக்கிறார் என்பதைக் காட்டுகிறது.

விருந்தினருக்கு உள்ள சலுகைகள் யாவும் அவருக்கு இந்த மாதங்களில் கிடைத்தன: மீனின் நடுத்துண்டு அவர் தட்டில் விழுந்தது; அவர் எழும்வரை வீடு ஓசையின்றி இயங்கியது; மின்கட்டணம், ரேஷன், பள்ளிக் கூட்டம், வடிகால் சண்டை ஆகியவை அவர் காதுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளப்பட்டன. விருந்தினருக்கு இல்லாதது ஒன்றே, வீட்டின் அன்றாடத் தீர்மானங்களில் பங்கு. விடுப்பில் வந்தவருக்கு அது குறையாகத் தோன்றாது. ஒரேயடியாக வந்தவருக்கு மூன்றாம் மாதத்தில் அதுவே பெருங்குறையாகிறது. அப்போதும் வீட்டார் நடுத்துண்டை அவருக்கே வைக்கிறார்கள். அவர் தம்மை இன்னும் போகவேண்டியவராகவே நடத்துகிறார்கள் என்று எண்ணுகிறார். வீட்டாரோ, இவ்வளவு செய்தும் இவர் முகம் ஏன் வாடியிருக்கிறது என்று எண்ணுகிறார்கள். இரு தரப்பிலும் அன்புக்குக் குறைவில்லை.

இந்நிலையைச் சமூகவியல் நெடுநாள் முன்பே கவனித்திருக்கிறது. வியன்னாவில் பிறந்து, நாசி ஆட்சியிலிருந்து தப்பி 1939இல் நியூயார்க்கில் குடியேறிய ஆல்பிரட் சூட்ஸ் என்னும் சிந்தனையாளர், இல்லம் திரும்புபவரைப் பற்றி 1945இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். போர்முனையிலிருந்து திரும்பும் படைவீரரை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட அக்கட்டுரை, உறங்கியவாறே தன் தீவின் கரையில் இறக்கிவிடப்பட்டு, கண்விழித்தபோது அது தன் நாடுதான் என்று அடையாளம் காண இயலாத கிரேக்கக் காவியத் தலைவன் ஒடிசியூஸின் நிலையை நினைவூட்டித் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டில் அயலூரில் நுழையும் அந்நியரைப் பற்றி எழுதியிருந்த சூட்ஸ், இருவரையும் ஒப்பிட்டு ஒரு வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். அந்நியருக்குத் தாம் நுழையும் இடம் தெரியாது என்பது முன்பே தெரியும். ஆகவே கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்கிறார். திரும்பி வருபவரோ தமக்கு எல்லாம் தெரியும் என்று நம்பி வருகிறார். அவருக்குத் தெரிந்த வீடு அவர் புறப்பட்ட நாளின் வீடு. வீட்டாரும் தமக்கு அவரைத் தெரியும் என்றே நம்புகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தவர் புறப்பட்ட நாளின் மனிதர். இதனால் இரு தரப்பும் கேட்க வேண்டியவற்றைக் கேட்காமல் விடுகின்றன.

ஒருவர் மற்றவரின் உடலருகில், ஒரே காலத்தில், ஒரே நிகழ்வுகளைக் கண்டவாறு வாழும்போது உண்டாகும் நெருக்கத்தைச் சூட்ஸ் நேர்முக உறவு என்ற கருத்தால் விளக்கினார். பிரிவில் அழிவது அன்பன்று, இந்த நேர்முகமே. கடிதம் எழுதுபவர், தாம் பிரிந்து வந்தபோது இருந்த மனிதரை எண்ணியே எழுதுகிறார். பெறுபவர் அதற்குள் மாறிவிட்டிருப்பார் என்பது சூட்ஸின் நுட்பமான குறிப்பு. கடிதம் மறைந்து காணொளி அழைப்பு வந்தபின் இக்குறிப்பு காலாவதியாகிவிட்டது என்று சிலர் கருதக்கூடும். உண்மையில் அது வேறு வடிவில் கூர்மை பெற்றிருக்கிறது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஊருக்கு வரும் ஆள்வழியாகக் கடிதமும் குரல் பதிந்த ஒலிநாடாவும் கொடுத்தனுப்பிய தலைமுறை, தமக்கு ஊர்நிலவரம் முழுதாகத் தெரியாது என்பதையாவது அறிந்திருந்தது. இன்று இமோ, போட்டிம் போன்ற செயலிகளில் நாள்தோறும் முகம் காண்பவர், தமக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறார். ஆனால் அழைப்பில் தெரிவது வெளிச்சம் நன்றாக விழும் ஓர் அறையின் மூலை. அழைப்பில் பேசப்படுவது, அன்றைய நாளில் தொலைவிலிருப்பவரைக் கலங்கவைக்காது என்று வீட்டார் தேர்ந்தெடுத்த செய்தி. தாயின் கண்புரை, தம்பியின் கடன், மகளின் குறைந்த மதிப்பெண், வயல் பங்குப் பிணக்கு ஆகியவை விலக்கி வைக்கப்படுகின்றன. அங்கிருப்பவரும் அவ்வாறே: சம்பளம் மூன்று மாதமாக வரவில்லை என்பதையும், முதுகுவலியையும், மேற்பார்வையாளர் ஏசியதையும் அவர் சொல்வதில்லை, அறைக்கு வெளியே நின்று, முகம் கழுவிக்கொண்டு, புன்னகையுடன்தான் அழைக்கிறார்.

இவ்விரட்டை மறைப்பு பரிவினால் செய்யப்படுவது. பிரிந்திருக்கும் காலத்தில் அதற்கு நியாயமும் உண்டு. திரும்பியபின் அது கடனாக நிற்கிறது. மறைத்தவை ஒவ்வொன்றாக, பெரும்பாலும் மூன்றாம் மனிதர் வாயால், தேநீர்க்கடையிலோ துக்க வீட்டிலோ வெளிப்படும்போது, செய்தியின் கனத்தைவிட அது தமக்குச் சொல்லப்படவில்லை என்பதன் கனமே மிகுதியாகிறது. ஆகவே குடும்பத்தார் செய்யத்தக்க முதல் வேலை, அவர் வந்த முதல் மாதத்திற்குள், விருந்துகளின் ஆரவாரம் தணிந்தபின், சொல்லாமல் விட்டவற்றைத் தாமே வரிசையாகச் சொல்லிவிடுவது. நோய், கடன், விற்ற நகை, அடகில் இருக்கும் நகை, உறவில் விழுந்த விரிசல், யாரோடு பேச்சுவார்த்தை நின்றது, யார் இறந்தபோது யார் வந்தார் வரவில்லை என்பன எல்லாம் இதில் அடங்கும். சொல்பவர் ஒருவராக இருப்பதும், அவர் மனைவியாக இருப்பதும் நல்லது. அண்ணன் தம்பியர் வழியாகச் செய்தி வந்தால் அதில் வழக்கின் சாயல் ஏறிவிடுகிறது.

திரும்பியபின் எவ்வளவு காலம் இத்தடுமாற்றம் நீடிக்கும் என்ற கேள்விக்கு ஆய்வுலகில் ஒரு பழைய விடை உண்டு. அமெரிக்காவில் தங்கிப் படித்த நார்வே நாட்டினரை ஆராய்ந்த ஸ்வெரே லிஸ்கார்ட், 1955இல், அயல்நாட்டு வாழ்க்கையில் மனநிலை முதலில் உயர்ந்து, பின் தாழ்ந்து, மீண்டும் உயர்கிறது என்று ஒரு வளைகோட்டை வரைந்தார். ஜான் கல்லஹார்ன், ஜீன் கல்லஹார்ன் இணையர் 1963இல், தாயகம் திரும்பியபின்னும் அதே தாழ்வும் உயர்வும் மறுபடி நிகழ்கின்றன என்று அக்கோட்டை நீட்டினர். சொந்த ஊரிலேயே ஒருவர் அந்நியராக உணரும் இவ்விரண்டாம் தாழ்வே மீள்பண்பாட்டு அதிர்ச்சி எனப்படுகிறது. அனைவரும் இவ்வளைவின்படியே நடப்பதில்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. மேலும் அவ்விரு ஆய்வுகளும் கல்வியாளரைப் பற்றியவையே அன்றி, எட்டுப்பேர் ஓரறையில் அடுக்குக் கட்டிலில் உறங்கிய தொழிலாளரைப் பற்றியவை அல்ல. ஆயினும் முதற்சில வாரங்களின் மகிழ்ச்சியைக் கொண்டு திரும்புதல் நன்றாக முடிந்துவிட்டது என்று கணிக்கலாகாது என்னும் அளவுக்கு அவ்வளைவு பயன்படுகிறது.

தமிழிலக்கியம் இவ்விடத்தில் வியப்பான முறையில் சிக்கனம் காட்டுகிறது. பொருள் தேடிப் பிரிதலைப் பாலைத்திணை விரிவாகப் பாடியது. வினை முடித்துத் திரும்பும் தலைவன் தேரை விரைந்து செலுத்துமாறு பாகனிடம் கூறுவதையும், கார்காலம் வந்தும் அவன் வாராமையால் தலைவி ஆற்றியிருப்பதையும் முல்லைத்திணை பாடியது. கடல்வழிப் பிரிவில் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கமில்லை என்று உரையாசிரியர்கள் பொருள்கொள்ளும் ஒரு நூற்பா தொல்காப்பியத்தில் இருக்கிறது. நூற்பா செய்த வேலையை இன்று சம்பள வரம்பு செய்கிறது எனலாம். தேர் வாயிலில் நின்றபின் வரும் ஆறாம் மாதத்தைப் பற்றிய பாடல்களைத் தேடுபவருக்கோ கிடைப்பது மிகக் குறைவு.

அந்த ஆறாம் மாதத்தில் வீட்டுக்குள் எழும் சிக்கல்களுள் மிகக் கடினமானது அதிகாரம் பற்றியது. கணவர் வளைகுடா சென்ற கேரளப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த லீலா குலாட்டி, 1993இல் வெளியான தம் நூலில், பிரிவின் துயரத்தோடு கூடவே அப்பெண்கள் பெற்ற வளர்ச்சியையும் பதிவுசெய்தார். முன்பு தனியே வெளியூர் செல்லாதவர்கள் வங்கிக் கணக்கை இயக்கினர், வீடு கட்டுவதை மேற்பார்த்தனர், பிள்ளைகளின் பள்ளியைத் தீர்மானித்தனர், மருத்துவமனைக்கும் அரசு அலுவலகத்துக்கும் தாமே சென்றனர். தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களிலும் காவிரிப் படுகையிலும் இக்காட்சி வேறுபட்டதன்று. கொத்தனாரிடம் கூலி பேசியவரும், ஆழ்துளைக் கிணறு எங்கே போடுவது என்று முடிவெடுத்தவரும், மாமனாரின் இறுதிச் சடங்குக்கு ஆள் திரட்டியவரும் மனைவியே. கணவர் திரும்பியவுடன் இப்பொறுப்புகளை அவர் கையில் திருப்பி ஒப்படைப்பதே மரியாதை என்று முதியவர்கள் வற்புறுத்துவதுண்டு. இவ்வற்புறுத்தல் இருவருக்கும் தீங்கானது என்பதே இம்மடலின் துணிபு. மனைவி பத்தாண்டுகளில் ஈட்டிய திறன் ஒரே வாரத்தில் பயனற்றதாக்கப்படுகிறது; கணவரோ தமக்குத் தெரியாத ஆள்கள், விலைகள், வழிமுறைகள் நடுவே தலைவராக நடிக்க நேர்கிறது. ஒன்றிரண்டு பொறுப்புகளை, அதுவும் முழுமையாக, அவருக்கு ஒதுக்கிக் கொடுத்து, மற்றவற்றை நடப்பதுபோல் நடக்கவிடுவது நல்ல பயன் தரும். முழுமையாக என்பது முக்கியம்: தோட்டம் அவர் பொறுப்பு என்றால், எந்த மரத்தை வெட்டுவது என்பதில் மைத்துனரின் கருத்து கேட்கப்படக்கூடாது.

பிள்ளைகளைப் பொறுத்தவரை அவசரமே பகை. திரையில் முத்தம் கொடுத்த தந்தையும், கூடத்தில் அமர்ந்து தொலைக்காட்சியை அணைக்கச் சொல்லும் தந்தையும் ஒரு பத்து வயதுச் சிறுமிக்கு ஒருவரல்லர். அனுமதி கேட்க அவள் தாயிடமே செல்வாள். அது தந்தையை இகழ்வதன்று. உறவினர் இவ்விடத்தில் செய்யும் பெருந்தவறு, "அப்பா வந்துவிட்டார், இனி உன் ஆட்டமெல்லாம் நடக்காது" என்று பிள்ளையை மிரட்டுவது. பிள்ளையின் மனத்தில் தந்தையின் வருகையைத் தண்டனையாகப் பதியவைக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை.

உடலின் பழக்கங்களையும் வீட்டார் அறிந்திருக்க வேண்டும். கேம்ப் என்று தொழிலாளர் அழைக்கும் கூட்டுக் குடியிருப்பில் பல ஆண்டுகள் வாழ்ந்தவருக்குத் தனியறை உறக்கம் எளிதில் வருவதில்லை. விடியுமுன் பேருந்துக்காக எழுந்த உடல் ஊரிலும் அந்நேரத்தில் விழித்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை விடுமுறைக்குப் பழகியவருக்கு ஞாயிறு வெறுமையாக இருக்கும். அறைத் தோழர்களை அவர் இழந்திருக்கிறார் என்பதும் பெரும்பாலும் எவராலும் எண்ணிப்பார்க்கப்படுவதில்லை. காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்தவர்கள், ஊரில் தந்தை இறந்த செய்தி வந்த இரவில் உடன் விழித்திருந்தவர்கள், முறைவைத்து மெஸ்ஸில் சமைத்தவர்கள் அவர்கள். வீட்டுக்கு வந்தபின் அவர் கைப்பேசியில் அவர்களோடு நெடுநேரம் பேசுவதைக் குறையாகக் கொள்ளலாகாது.

பணம் பற்றிய செய்தி நீளமானது. அதில் கற்பனை மிகுதியாகக் கலந்திருப்பதே காரணம். வேலை முடிந்து வருபவர் பெருந்தொகையுடன் வருகிறார் என்பது ஊரின் நம்பிக்கை. செட்டில்மென்ட் என்று வழக்கில் சொல்லப்படும் பணி முடிவுத் தொகை எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதை அறிந்தால் அந்நம்பிக்கை தணியும். சவூதி அரேபியாவில் முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு அரைமாதச் சம்பளமும், அதற்குமேல் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளமும் சட்டப்படி உரியவை. பத்தாண்டு நிறையுமுன் தாமே விலகினால் அதிலும் ஒரு பகுதியே கிடைக்கும். அமீரகத்தில் முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், பின்னர் ஆண்டுக்கு 30 நாள் அடிப்படைச் சம்பளமும் தரப்படுகின்றன. அடிப்படைச் சம்பளம் என்பது உறைவிடம், பயணம், மிகைநேரப் படிகள் நீங்கியது. மாதம் 1,000 ரியால் அளவில் இக்கணக்கு போடப்படும் ஒருவர் சவூதியில் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தால், ஐந்தாண்டுக்கு 2,500, ஏழாண்டுக்கு 7,000 என மொத்தம் 9,500 ரியால் பெறுவார். இன்றைய மாற்று விகிதத்தில் அது இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டும் ஒரு தொகை. ஊர் எண்ணும் தொகையின் அருகில்கூட அது வராது.

இடையில் அனுப்பிய பணமெல்லாம் எங்கே போயிற்று என்று அவர் கேட்கும் நாள் வரும். அதற்கு விடை பெரும்பாலும் மிக எளியது: அது உண்ணப்பட்டது, உடுக்கப்பட்டது, படிப்பாகவும் மருந்தாகவும் ஆயிற்று. 2016-17ஆம் ஆண்டுக்குரிய இந்திய ரிசர்வ் வங்கியின் ஆய்வொன்று, வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தில் ஏறக்குறைய 59 விழுக்காடு குடும்பச் செலவுக்கும், 20 விழுக்காடு வங்கி வைப்புக்கும், 8 விழுக்காடு நிலம், பங்கு முதலிய முதலீடுகளுக்கும் சென்றதாகக் கண்டது. வீணடிக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டுக்கு விடையாக, ஒரு குறிப்பேட்டில் ஆண்டுவாரியாக வரவும் செலவும் எழுதி, மனைப்பத்திரம், பட்டா, வரி ரசீது, காப்பீட்டுப் பத்திரம் ஆகியவற்றை ஒரே உறையில் இட்டு, அவர் கேட்குமுன்பே எதிரில் வைப்பது நல்லது. அவர் பணத்தில் வாங்கப்பட்ட நிலம் தந்தை பெயரிலோ தம்பி பெயரிலோ பதிவாகியிருந்தால், அல்லது பவர் பத்திரத்தின் வழியாக ஏதேனும் கைமாறியிருந்தால், அச்செய்தி எவ்வளவு கசப்பானதாயினும் இந்த உறையோடு சேர்ந்தே வெளிவர வேண்டும்.

கையிருப்பைத் தொழிலில் போடுமாறு நெருக்குவோர் நண்பர் கூட்டத்திலும் இருப்பர், உறவினர் கூட்டத்திலும் இருப்பர். அமெரிக்காவிலிருந்து தென்னித்தாலிக்குத் திரும்பியவர்களை ஆராய்ந்த பிரான்செஸ்கோ செராசே, 1974இல் திரும்புதலை நான்கு வகையாகப் பிரித்தார்: அயல்நாட்டில் காலூன்ற இயலாமல் திரும்புதல், முன்பே எண்ணிய அளவு பொருள் சேர்த்துப் பழைய வாழ்க்கைமுறைக்கே திரும்புதல், முதுமையில் ஓய்வுக்காகத் திரும்புதல், கற்ற திறனைக் கொண்டு ஊரில் புதுமை செய்யத் திரும்புதல். நான்காம் வகையினர்கூட, ஊரின் நிலவுடைமையும் செல்வாக்கும் பழையவர் கையிலேயே இருந்தமையால், பெரிதாக எதையும் மாற்ற இயலவில்லை என்பது அவர் கண்ட முடிவு. சத்யன் அந்திக்காடு இயக்கி, சீனிவாசன் எழுதி, மோகன்லால் நடித்து 1989இல் வந்த வரவேல்பு என்னும் மலையாளத் திரைப்படம் இதையே கதையாக்கியது. வளைகுடாவிலிருந்து வந்தவர் சேமிப்பைக் கொண்டு ஒரு பேருந்து வாங்கி, அதனாலேயே நொடித்துப் போகிறார். முதலாண்டில் பெரிய முதலீடு எதுவும் வேண்டாம் என்று வீட்டார் உறுதியாகச் சொல்வது, அவர் தன்மானத்தைச் சிறிது உரசினாலும், செய்யத்தக்கதே.

செராசேயின் வகைப்பாட்டில் அடங்காத ஒரு வகை வளைகுடாவில் மிகுதி: விரும்பாமலே அனுப்பப்படுதல். 1990 ஆகஸ்டு 2இல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது, 1,70,000க்கும் மேற்பட்ட இந்தியர் அம்மான் வழியாக விமானத்தில் மீட்கப்பட்டனர். பலர் உடுத்திய உடையோடு வந்தனர். சவூதி அரேபியா 2011இல் தொடங்கிய நிதாகத் திட்டம், நிறுவனங்கள் தம் பணியாளருள் குறிப்பிட்ட பங்கினரை உள்நாட்டவராகக் கொள்ள வேண்டும் என வலியுறுத்தியதால் அயல்நாட்டார் வேலையிழந்தனர். பெருந்தொற்றின்போது 2020 மே 7 முதல் இயக்கப்பட்ட மீட்பு விமானங்களில் வந்தவர்களுள் சம்பள நிலுவையை விட்டுவிட்டு வந்தவர் உண்டு. இவ்வாறு வந்தவரிடம், அங்கே நடந்தது என்ன என்று வந்தவர் போனவரெல்லாம் விசாரிப்பது விசாரணையாகவே படும். அவர் தாமாகச் சொல்லும்வரை காத்திருப்பதும், சம்பள நிலுவைக்கான தாள்கள், ஒப்பந்தப் படி, இகாமா எனப்படும் தங்கல் அட்டையின் படி ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவதும் வீட்டாரால் இயலும்.

நண்பர்களுக்குச் சில சொற்கள். கைமாற்று கேட்பதை ஓராண்டுக்கு நிறுத்திவைக்குமாறு கேட்பது மிகையாகாது. தேநீருக்கான காசை அவர் எடுக்கும் முன் நீங்கள் எடுப்பது அதனினும் நல்லது. ஆனால் நண்பர் செய்யக்கூடிய மேலான உதவி வேறொன்று: ஊரின் உறவுக் கணக்கை அவருக்குக் கற்றுத்தருவது. தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளில் திருமணத்திலும் காதுகுத்திலும் வைக்கப்படும் மொய்ப்பணம் வீட்டுக்கு வீடு ஒரு நோட்டில் எழுதிவைக்கப்பட்டு, வைத்தவர் வீட்டு நிகழ்ச்சியில் திருப்பிச் செய்யப்படுகிறது. இருபது ஆண்டு மொய் நோட்டைப் புரட்டுபவர், யார் வீட்டோடு போக்குவரவு தழைத்தது, யார் வீட்டோடு அற்றது, தம் பெயரால் மனைவியோ தம்பியோ எங்கெல்லாம் சென்று நின்றார்கள் என்பதை அறியலாம். எந்தச் சமூகவியல் நூலும் அவருக்கு இவ்வளவு துல்லியமாகத் தம் ஊரைக் காட்டாது. அந்நோட்டோடு அவரருகில் ஒரு மாலை அமர்ந்து, பெயர்களுக்குப் பின்னால் உள்ள கதைகளைச் சொல்ல ஒரு நண்பர் போதும். அதன்பின், வரும் ஆவணியில் எவர் வீட்டு விசேஷத்துக்கும் மொய் எழுத அவரையே அனுப்பலாம்; பந்தியில் பரிமாறும் வேலையையும் கொடுக்கலாம். பந்தியில் பரிமாறுபவரிடம் எப்போது பயணம் என்று எவரும் கேட்பதில்லை.

அரசுசார் ஏற்பாடுகள் பற்றிச் சுருங்கக் கூறினால் போதும். கேரளம் வெளிநாடுவாழ் மக்களுக்கென 1996இலேயே நோர்க்கா என்னும் தனித்துறையை அமைத்து, திரும்பி வந்தோருக்குத் தொழிற்கடன் உதவித் திட்டத்தையும் நடத்துகிறது. தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை உள்ளது. திரும்பி வந்தவர் அங்கே தம் பெயரைப் பதிந்து, பொருந்தும் உதவிகளைக் கேட்டறியலாம். வங்கியிலும் ஒரு வேலை உண்டு. வெளிநாடுவாழ் இந்தியர் அயல்நாட்டு வருவாயைப் போட்டுவைக்கும் என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு வருமான வரி இல்லை என்றாலும், இங்கேயே தங்கும் எண்ணத்துடன் திரும்பியபின் அச்செய்தியை வங்கிக்குத் தெரிவித்து, கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும் என்பது அந்நியச் செலாவணி விதி. பலர் ஆண்டுக்கணக்கில் இதைச் செய்யாமல் விட்டுப் பின் வரிச்சிக்கலில் விழுகிறார்கள்.

இவ்வளவுக்குப் பின்னும் அவர் ஓராண்டிலோ ஈராண்டிலோ மறுபடி புறப்பட விரும்பலாம். அவ்வாறு மீண்டும் செல்வோர் தொகை சிறிதன்று. அது வீட்டாரின் தோல்வியுமன்று, அவருடைய தோல்வியுமன்று. சில வேளைகளில் கடன் அதைக் கட்டாயமாக்குகிறது, சில வேளைகளில் அவர் தம் திறனுக்கு மதிப்புள்ள இடத்தை நாடுகிறார். தடுத்து நிறுத்துவதைவிட, இம்முறை புறப்பாட்டைக் குடும்பமே சேர்ந்து ஆராய்வது பயனுள்ளது. முகவரின் உரிமத்தை நடுவண் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் மொத்தச் சம்பளத்துள் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று தனியே எழுதப்பட்டிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேறாதவரானால், 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டா அவருடையது என்பதையும், ஆமெனில் அதற்குரிய காப்பீடு எடுக்கப்பட்டுள்ளதா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். ஒப்பந்தத்தின் ஒரு படி வீட்டில் இருக்கட்டும். எத்தனை ஆண்டுக்கு, எவ்வளவு தொகைக்கு, எந்தக் கடன் தீரும்வரை என்பதைப் புறப்படுமுன்பே அவரும் மனைவியும் எழுதி அதனோடு சேர்த்துவைத்தால், அடுத்தமுறை அவர் எப்போது ஒரேயடியாக வருவார் என்பது இருவருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கும்.